மெய்யான செய்தியும் மருந்தே



2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே கைப்பேசி உதிரிபாகம் பூட்டும் ஆலையில் வேலை செய்த பெண்களில் 159 பேர், விடுதி உணவு ஒவ்வாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துபோனார்கள் என்று வதந்தி பரவியது. தோழியர் நிலை தெரியாமல் கலங்கிய பிள்ளைகள் விடியவிடிய சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். வயிற்றுக்கு மருந்து கிடைத்தது. மனதுக்கோ மெய்யான செய்தி வேண்டியிருந்தது.

ஆகவே, ஆபத்து வேளையில், “பயப்படாதே” என்று மட்டும் சொல்லி விலகாதிருப்போம். அருகிலிருந்து கேட்போம், அறிந்ததை மறைக்காமல் சொல்வோம், வீட்டாரோடு பேசவைப்போம். திகிலும் தூக்கமின்மையும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

உங்கள் சபையருகே விடுதியில் தங்கியிருக்கும் மகளிரையும் சென்று விசாரியுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.