பந்தியும் அடுப்பங்கரையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா சிவில்காரங்க தூங்கிடக் கூடாது" என்பது செயலாளர் அண்ணனின் உத்தரவு. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெப்சைட்டில் பிளகின் ஏற்றுவது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்காருகிறவர் வேறு, அடுப்பங்கரைக்குள் நுழைகிறவர் வேறு. நீங்கள் ஒரு வெப்சைட்டில் போட்டோ ஏற்றினால் அது பந்திக்கு வந்த விருந்தாளி. சர்வர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்டவருக்குக் காட்டும், அவ்வளவுதான். பிளகின் அப்படியல்ல. அது ஒரு புரோகிராம். சர்வர் அதை ஓட்டும். அதாவது சமையல்காரரை உள்ளே விட்டு, ஸ்டோர் ரூம் சாவியையும் கொடுத்துவிட்டோம்.

2003ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் எல்லோருக்கும் தெரியும். செல்போனில் ஒரு ஆப் போட்டால் "கேமரா வேணுமா, கான்டாக்ட்ஸ் வேணுமா" என்று அனுமதி கேட்கிறது. வேர்ட்பிரஸ் பிளகினுக்கு அந்தப் பேச்சே கிடையாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலை வேர்ட்பிரஸ் படிப்பது போலவே பிளகினும் படிக்கலாம். ஆக, பிளகின் ஏற்றும் உரிமை யாருக்கு இருக்கிறதோ, அந்த சைட் முழுக்க அவருடையதுதான். எங்கோ உட்கார்ந்திருப்பவன் நம் சர்வரில் தன் புரோகிராமை ஓட்டுகிறான் என்பதைத்தான் எங்கள் தொழிலில் ரிமோட் கோட் எக்ஸிகியூஷன் என்கிறோம். பெயர்தான் பெரிசு.

2020 செப்டம்பரில் ஒரு துணிக்கடைக்காரர் போன் செய்தார். சைட்டைத் திறந்தால் வேறு எங்கோ போகிறது. "நான் யாருக்குமே பாஸ்வேர்டு தரலையே சார்!" என்று புலம்பினார். உண்மைதான், தரவில்லை. பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

அவர் சைட்டில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகின் இருந்தது. அப்போது ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சைட்டுகளில் இருந்த பிளகின் அது. அதற்குள்ளே எல்ஃபைண்டர் என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. அந்த லைப்ரரியில் மாதிரிக்காக ஒரு ஃபைல் உண்டு. தானாக ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே அதன் பெயரின் வாலில் 'டிஸ்ட்' என்று ஒட்டியிருந்தார்கள். பிளகின் எழுதியவர்கள் அந்த வாலை நறுக்கிவிட்டார்கள். லாகின் கேட்காமலேயே யார் வேண்டுமானாலும் அந்த ஃபைலைக் கூப்பிட்டு, தன் பிஎச்பி புரோகிராமை உள்ளே இறக்கலாம் என்று ஆகிவிட்டது. பிறகு அதன் முகவரியை பிரவுசரில் அடித்தால் போதும், சர்வர் ஓட்டும். செப்டம்பர் 1ஆம் தேதி வந்த 6.9 பதிப்பில் அந்த ஃபைலையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் பல சைட்டுகள் போய்விட்டன. இதில் ஒரு வேடிக்கை: உள்ளே புகுந்த சிலர், வேறு திருடன் வந்துவிடக் கூடாதென்று அந்த ஓட்டைக்குத் தாங்களே பாஸ்வேர்டு போட்டுக்கொண்டார்கள்!

"பிளகினை டீஆக்டிவேட் பண்ணிட்டேன் சார்" என்றார் துணிக்கடைக்காரர். ஃபைல் டிஸ்கில் கிடக்கிறவரை அதை நேராகக் கூப்பிடலாமே. டெலீட்தான் செய்ய வேண்டும். அதோடும் முடியவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு அட்மின் கணக்கு, தீம் ஃபோல்டரில் இரண்டு புது ஃபைல்கள்... கடைசியில் பழைய பேக்கப்பிலிருந்து மொத்தமாகத் திருப்பிக் கட்டினோம்.

சின்னக் கடைக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். அட்லாஸியன் கம்பெனியின் கிரவுட் என்ற சாஃப்ட்வேர், பெரிய நிறுவனங்களில் யார் யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது. பிளகின் எழுதுபவர்களின் வசதிக்கான ஒரு கருவி, விற்பனைப் பதிப்பிலும் தவறுதலாக இயங்கிக்கொண்டிருந்தது 2019ல் தெரியவந்தது. அதன் வழியே லாகின் இல்லாமலே பிளகின் ஏற்றலாம். கொத்தனார் சாரம் கட்ட விட்ட ஓட்டையை அடைக்காமலே கிரகப்பிரவேசம் செய்த கதை.

ஓப்பன்ஃபயர் என்ற சாட் சர்வர் விவகாரம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2015 ஏப்ரலில் வந்த பதிப்பிலிருந்து இருந்த ஓட்டை, 2023 மே மாதம்தான் அடைக்கப்பட்டது. எட்டு வருஷம்! லாகின் கேட்காத செட்டப் பக்கத்தின் வழியே அட்மின் பகுதிக்குள் நழுவிப் போகலாம். போனவன் ஒரு அட்மின் கணக்கை உண்டாக்கி, அட்மினாகவே உள்ளே வந்து, பிளகின் ஏற்றினான். கவனியுங்கள், ஏற்றும் வசதியில் எந்தக் கோளாறும் இல்லை. சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதனால்தான் சொல்கிறேன், பிளகின் ஏற்றும் பட்டன் இருக்கிற சாஃப்ட்வேரில் சின்ன லாகின் ஓட்டைகூட முழு வீட்டையும் கொடுத்துவிடும்.

தற்காப்பு? வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலில் 'டிஸ்அலோ ஃபைல் மாட்ஸ்' என்று ஒரே வரி போட்டால் அட்மின் பக்கத்திலிருந்து பிளகின் ஏற்றவே முடியாது. நல்லது, போடுங்கள். ஆனால் அந்தத் துணிக்கடையை அது காப்பாற்றியிருக்காது. அங்கே வந்தவன் அட்மின் பக்கத்தைத் தொடவே இல்லையே. காப்பாற்றியிருக்கக் கூடியது பழைய யூனிக்ஸ் வைத்தியம்தான்: புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் வெப் சர்வருக்கு எழுதும் உரிமை தராதே, எழுதும் உரிமை உள்ள ஃபோல்டரில் புரோகிராம் ஓட விடாதே. அப்டேட் போடும்போது கொஞ்சம் சிரமம்தான், மறுக்கவில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் ஃபைல் அப்லோடு வைத்திருக்கும் தம்பி தங்கைகள் இதை மட்டுமாவது இன்றிரவு சரிபாருங்கள். ஃபைலின் பெயர் ஜேபிஜி என்று முடிகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். நம் சங்க வெப்சைட்டில் எல்லாப் பேட்ச் அண்ணன் அக்காக்களின் போன் நம்பரும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நிர்வாகக் குழு மாறுகிறது; அட்மின் பாஸ்வேர்டு மட்டும் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாச் சங்கத்திலும் இதுதான் நடக்கிறது. அட்மின் இரண்டு பேர் போதும். செய்தி போடுகிறவருக்கு எடிட்டர் உரிமை கொடுத்தால் போதும். எடிட்டரால் பிளகின் ஏற்ற முடியாது. செயலாளர் அண்ணன் சம்மதித்துவிட்டார். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, அட்மின் பட்டியலையும் பிளகின் பட்டியலையும் ஒருமுறை பார்க்கப்போகிறோம். ஆர்வமுள்ள ஜூனியர்கள் வந்தால் உதவியாக இருக்கும்.