சிரிக்கப்படுபவருக்கு வசனம் உண்டா?



இந்தத் திருக்கழுக்குன்ற மலையின் ஒருகல் மண்டபம் பல்லவர் காலத்துக் குடைவரை. அந்தப் பல்லவர் குலத்து முதலாம் மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதினான். கதை நடப்பது காஞ்சியில். குடிமயக்கத்தில் தன் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் சத்தியசோமன், எதிரே வந்த புத்த பிக்கு நாகசேனரைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். குடிகாரக் காபாலிகன், மதுவுக்கும் மாதுவுக்கும் ஏங்கும் பிக்கு என்று இரண்டு சமயத்தாரையும் அச்சில் வார்த்த மாதிரிதான் அரசன் காட்டுகிறான்.

ஆனாலும் காட்சியைக் கவனியுங்கள். காபாலிகனின் துணைவி தேவசோமை, பிக்குவின் தலைமுடியைப் பிடித்திழுக்கப் பாய்கிறாள். மொட்டைத் தலையில் பிடி கிடைக்காமல் தடுமாறி விழுகிறாள். தலையை மழிக்கச் சொன்ன புத்தர் எவ்வளவு முன்யோசனைக்காரர் என்று பிக்கு மெச்சிக்கொள்கிறார். கைகொடுத்து அவளைத் தூக்கியும் விடுகிறார். உடனே, என் மனைவியின் கையையா பிடித்தாய் என்று காபாலிகன் அதற்கும் சண்டைக்கு வருகிறான். அடி விழுந்த இடத்திலேயே பிக்குவுக்குப் பேச இடம் தந்திருக்கிறான் அரசன். கபாலத்தை எடுத்துப்போனது ஒரு நாய் என்பதும், அதனிடமிருந்து மீட்டவன் ஒரு பித்தன் என்பதும் பிறகு தெரிகிறது. சண்டையிட்ட இருவரும் சமாதானமாகிறார்கள்.

ஆனால் அரசன் தன்னை மட்டும் கேலியிலிருந்து விலக்கிக்கொண்டான். அந்தக் குறையை நம் வட்டாரத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் தீர்த்துவைத்தான். கிரீடமும் புஜக்கட்டையுமாகத் திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை, யாரய்யா நீ, எந்த ஊர் என்று கேட்டு அவன் குடைகிறான். ராஜா பதில் சொல்லியே தீரவேண்டும்.

நம் சினிமா நகைச்சுவையில் பெரும்பாலும் இந்தப் பதிலைத்தான் காணோம். டீக்கடை நாயரும், ‘நம்பள்கி நிம்பள்கி’ பேசும் வட்டிக்கடை சேட்டும் வந்த வேகத்தில் சிரிப்பு மூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு வீடு இல்லை, கவலை இல்லை, திருப்பிக் கேட்க ஒரு வரி இல்லை. இதே வேலையைப் பிறர் நமக்குச் செய்தால் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். 1968இல் வந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த ‘மதராசி’ பாட்டு வாத்தியாரை நினைத்துப் பாருங்கள். குடுமியும் இழுத்துப் பேசும் இந்தியுமாக ஒரு பிள்ளை. பாட்டுப் போட்டியில் அவர் தோற்க, அரங்கம் சிரித்தது. மெஹ்மூதின் நடிப்புத் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை. நாயரும் சேட்டும் நம் படத்தைப் பார்க்கையில் அவர்களுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?

ஒரு வேண்டுகோள். கேரளத்துச் சாக்கியார்கள் மத்தவிலாசத்தைக் கோயில்களில் வழிபாட்டுக் கூத்தாக இன்றும் ஆடுகிறார்கள். அது பிறந்த தொண்டை நாட்டில் நாம் ஆடுவதில்லை. நம் கூத்துக் கலைஞர்கள் அதைத் தமிழில் எடுத்து, பித்தன் வேடத்தைக் கட்டியக்காரனுக்குக் கொடுத்து, வரும் சித்திரைத் திருவிழாவில் இதே ஊரில் ஆட வேண்டும். பிக்கு வேடத்துக்கு மட்டும் நல்ல வாய்ச்சாலகரைத் தேடிப் பிடியுங்கள்.