மஞ்சள் நிறக் கண்களும் நோன்பின் சலுகையும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அன்புக்குரிய பெற்றோர்களே, இளைஞர்களே!

சில வருடங்களுக்கு முன்னர், ரமழானின் கடைசிப் பத்தில், ஒரு தந்தை உயர்தரம் கற்கும் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பிள்ளையின் கண்கள் மஞ்சளித்திருந்தன. வீட்டார் செங்கண்மாரி எனப் பயந்து மீன், முட்டை, எண்ணெய் யாவற்றையும் நிறுத்தி, ஸஹருக்கும் இப்தாருக்கும் வெறும் கஞ்சியே கொடுத்தனர். மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. "நோன்புதான் பிள்ளையின் ஈரலைக் கெடுத்ததா ஹஸரத்?" எனத் தந்தை கலங்கினார். "முதலில் வைத்தியரிடம் செல்லுங்கள்" என்றேன்.

நேயர்களே, இதன் உண்மையை அறிந்துகொள்வோம். நமது இரத்தத்தின் செங்குழியங்கள் சுமார் 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அவை சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளே பிலிருபின். ஈரல் அதனை நீரில் கரையக்கூடியதாக மாற்றி, பித்தத்துடன் குடலுக்கு அனுப்புகின்றது. ஆரோக்கியமானவரின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் அது பொதுவாகச் சுமார் 1.2 மில்லிகிராமுக்கு மேற்படுவதில்லை. 3 மில்லிகிராமை அண்மிக்கும்போது கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகத் தென்படும்.

சிலருக்குப் பிறப்பிலேயே இம்மாற்றத்தைச் செய்யும் நொதியம் குறைவாகவே தொழிற்படுகின்றது. 1901ஆம் ஆண்டு இதனை விவரித்த பிரெஞ்சு வைத்தியரின் பெயரால் இது கில்பர்ட் நிலை எனப்படுகின்றது. இது ஈரலைப் பழுதாக்கும் நோயன்று. எனினும் பசி, நீர்க்குறைவு, காய்ச்சல், நித்திரையின்மை ஆகியவற்றால் இவர்களின் பிலிருபின் உயரும். இரண்டு நாட்கள் நாளொன்றுக்கு 400 கலோரி மட்டும் உண்டால், அது இரண்டு மூன்று மடங்காகவும் உயரலாம். வழமையான உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் தணிந்துவிடும்.

அம்மாணவனின் சோதனை முடிவும் இதுவே. அவனை வருத்தியது நோன்பைவிடக் கடும் பத்தியமே. வைத்தியரின் அனுமதியோடு, ஸஹரில் வயிறார உண்டு, இரவில் போதிய நீர் அருந்தி, அவன் எஞ்சிய நோன்புகளை நோற்றான். ஸஹரில் பரக்கத் உண்டு என்ற நபிமொழியின் அருமையை அக்குடும்பம் உணர்ந்தது.

ஆனால், எல்லா மஞ்சளும் இத்தகையதன்று. அதே ரமழானில் மற்றோர் இளைஞர், "தலை சுற்றுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை" என்றார். நான் விசாரியாமல், "பொறுமையாக இருங்கள்" என்று கூறிவிட்டேன். அவரது சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போவதை அவர் வெட்கத்தால் மறைத்தார். நோன்பை விட்டால் ஊரார் ஏசுவார்கள் என்ற அச்சம் வேறு. தராவீஹ் தொழுகையில் மயங்கி விழுந்த பின்னரே, அது ஈரல் அழற்சி என்று தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், சுகமடைந்தார். ஆயினும் நான் சொன்ன அந்த வார்த்தை இன்றும் என் உள்ளத்தை உறுத்துகின்றது.

கில்பர்ட் நிலையில் சிறுநீர் கறுப்பதில்லை. சிறுநீர் கடும் நிறமாதல், மலம் வெளிறுதல், காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி, தாங்கமுடியாத சொறிவு ஆகியன கண்டால் தாமதிக்காதீர்கள். எலிக்காய்ச்சலும் கண்களை மஞ்சளாக்கும். கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு நாட்களைக் கடத்துவது ஆபத்தானது. இது கில்பர்ட் நிலைதான் என்பதையும் இரத்தப் பரிசோதனையின்றி நாமாகத் தீர்மானிக்கலாகாது.

பெற்றோர்களே! ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு நோன்பை விட்டு, வேறு நாட்களில் நோற்கும் சலுகையை வழங்குகின்றன. குணமடையும் நம்பிக்கையற்ற நோயாளி ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கின்றார். இது ஈமானின் பலவீனமன்று. அளவற்ற அருளாளனின் அன்பளிப்பு. நோயுற்ற பிள்ளையிடம், "நோன்பா, இல்லையா?" என்று கேட்குமுன், "உடம்புக்கு எப்படி?" என்று கேளுங்கள். இளைஞர்களே, உங்கள் உடலும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதன் அடையாளங்களை மறைக்காதீர்கள்.

வல்ல அல்லாஹ் நமக்கு ஆரோக்கியத்தையும், அவனது சலுகையை நன்றியோடு ஏற்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.