முள்ளும் நூலும்

பீன்யாவில் கடைசல் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 1970-களில் எழுந்த அத்தொழிற்பேட்டையை நம்பிக் குடியேறிய தமிழர் இல்லங்கள் சிலவற்றில், பரணிலே பழைய வால்வு வானொலிப் பெட்டி ஒன்று இன்றும் இருக்கக் காண்கிறோம். அண்டையில் ஜாலஹள்ளியில் 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலி வால்வுகளையும் செய்துவந்தது. ஆதலால் சில பெட்டிகளின் வால்வு பிறந்த ஊரும் பக்கத்து ஊரே. குமிழைத் திருகினால் சுழல்கிறது, முள்ளோ அசைவதில்லை. உடனே பெட்டியை எடைக்குப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அறுந்தது ஒரு நூலே.

குமிழின் அச்சில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிய நூல், கப்பிகளின்மீது ஓடி ஓர் உருளையைச் சுழற்றுகிறது. அவ்வுருளை, மாறு மின்தேக்கியின் அச்சில் பொருந்தியது. அசையாத் தகடுகளுக்கிடையே அசையும் தகடுகள் முழுவதும் நுழைந்தால் மின்தேக்கம் மிகும், அதிர்வெண் குறையும். மத்திய அலை 531 முதல் 1602 கிலோ ஹெர்ட்ஸ் வரை செல்வது. அதாவது மூன்று மடங்கு. அதற்கு மின்தேக்கமோ ஏறத்தாழ ஒன்பது மடங்கு மாறவேண்டும். இத்தனை நுட்பமும் ஒன்றிரண்டு முழ நூலை நம்பியிருக்கிறது!

பெட்டியைத் திறக்குமுன் ஓர் எச்சரிக்கை. இதனை அழுத்தியே சொல்லுவோம். ஏசி, டிசி இரண்டிலும் இயங்கிய பழைய பெட்டிகள் சிலவற்றில், உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் நேரே மின்கம்பியோடு இணைந்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வால்வுப் பெட்டியை அறிந்தவர் அதனை வெளியேற்றித் தந்த பிறகே நாம் கைவைக்கலாம்.

பழைய நூல் சென்ற வழியை முதலில் தாளில் வரைந்துகொள்க. பருத்தி நூல் ஈரத்தில் தளரும். மீன்பிடி நரம்பு வழுக்கும். பின்னிய மெல்லிய நூலே தக்கது. தகடுகளை முழுவதும் மூடி, நூலை வழிப்படி ஓட்டி, உருளையிலுள்ள சுருள்வில்லில் மாட்டவேண்டும். வில் தளர்ந்திருந்தால் நூலைக் குறைகூறிப் பயனில்லை. கப்பி தேய்ந்திருந்தால் பித்தளையில் ஒன்று கடைந்து வாங்கலாம். பெரிய எந்திர உறுப்புகளுக்கிடையே இச்சிறு வேலையைக் கேட்டால் பட்டறையில் சிரிப்பார்கள், செய்தும் தருவார்கள். தகடுகளின் தூசியை மெல்லிய தூரிகையால் அகற்றுக, வளைக்கலாகாது. ஒன்று மற்றொன்றைத் தொட்டால் கரகரப்புத்தான் மிஞ்சும்.

பின்னர் முள்ளைப் பொருத்தவேண்டும். பழைய முகப்புகள் பலவற்றில் எண்கள் மீட்டரில் இருக்கும். 3,00,000-ஐக் கிலோ ஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். பெங்களூர் நிலையத்தின் 612 என்பது 490 மீட்டர்; சென்னையின் 720 என்பது ஏறக்குறைய 417. பகலில் பெங்களூரைக் கொண்டு முள்ளைச் சரிசெய்துகொள்ளலாம். மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே செல்வது. இரவில் அயனி மண்டலத்திற்பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு வருவது. ஆகவே சென்னையை இருட்டியபின் தேடுக. அருகில் எல்.இ.டி. விளக்கு எரிந்தால் அணைத்துவிடுக. சிலவற்றின் இரைச்சல் சென்னையை முழுவதும் மறைத்துவிடும்.