முதல் நியமனக் கடிதத்தை வாசிப்போம்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர மாணவியருக்கும் இளம் பழைய மாணவியருக்கும் நடைபெற்ற தொழில் வழிகாட்டற் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மென்பொருள் துறைக்குப் போகும் பிள்ளைகளிடம் முதல் வேலையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேச ஒரு மருத்துவரை ஏன் அழைத்தார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் செயலாளரிடம் அதையே கேட்டேன். இரு துறைகளையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நாங்கள் மருத்துவ பீடத்தை விட்டு வெளியே வந்தபோது எங்கள் அடிப்படைச் சம்பளம் அரசாங்கச் சுற்றறிக்கையில் இருந்தது. ஒரே தொகுதியில் உள்ளகப் பயிற்சிக்குப் போன எல்லோருக்கும் அது ஒன்றுதான். வாய்ச்சாலகம் உள்ளவருக்குக் கூடவும் கூச்சப்படுபவருக்குக் குறையவும் கிடைக்கவில்லை. மொறட்டுவையிலோ பேராதனையிலோ கிளிநொச்சியில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலோ படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்துக்குப் போகும் பிள்ளைக்கு அப்படியொரு சுற்றறிக்கை இல்லை. விளம்பரத்தில் பெரும்பாலும் சம்பளம் இராது. நேர்முகத்தில், "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். "நீங்கள் தருவதைத் தாருங்கோ" என்பதுதான் எங்கள் பிள்ளைகள் பலருடைய மறுமொழி.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் சம்பளத்தை நாங்கள் கூச்சமில்லாமல் விசாரிக்கிறோம். மகளின் சம்பளத்தை மகளே கேட்டால் மட்டும் அது மரியாதைக் குறைவா?

முதலில் பதவி நிலையைப் பார்ப்போம். இங்குள்ள பல நிறுவனங்களில் பயிலுநர், அசோசியேட் சொப்ட்வெயர் எஞ்சினியர், சொப்ட்வெயர் எஞ்சினியர், சீனியர் சொப்ட்வெயர் எஞ்சினியர், டெக் லீட் என்று படிகள் உண்டு. புதிய பட்டதாரி வழக்கமாக அசோசியேட் படியில் சேருவார். சில இடங்களில் மீண்டும் பயிலுநராகவும் எடுப்பார்கள். பட்டப்படிப்புக் காலத்தில் ஆறு மாதம் நிறுவனமொன்றில் பயிற்சி பெற்ற பிள்ளை, அது கணக்கில் எடுக்கப்படுமா என்று கேட்க வேண்டும். அடுத்த படிக்கு எவ்வளவு காலத்தில், எதை வைத்து உயர்த்துவார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

பெயரையும் இலக்கத்தையும் மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். புதிய பட்டதாரிக்குக் கூகிளில் 3ஆம் படி, அமேசனில் 4ஆம் படி, மைக்ரோசொப்டில் 59. மூன்றும் ஏறத்தாழ ஒரே தரத்து வேலைதான்.

அடுத்தது பணம். விளங்குவதற்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரே வேலைக்கு ஒருத்தி 150,000 ரூபாவிலும் இன்னொருத்தி 130,000 ரூபாவிலும் சேருகிறார்கள் என்று வைப்போம். இருவருக்கும் ஆண்டுதோறும் 10 வீத உயர்வு. ஐந்து உயர்வுகளின் பின் 20,000 ரூபா வித்தியாசம் 32,000 ரூபாவைத் தாண்டிவிடும். வேறு நிறுவனத்துக்குப் போனால் அங்கேயும் முதற்கேள்வி, "இப்போது எவ்வளவு எடுக்கிறீர்கள்?" என்பதாகவே இருக்கக்கூடும். தொடக்கத்தில் குறைந்தது கூடவே வரும்.

கடிதத்தில் உள்ள மொத்தத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம் செலுத்த வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து, மிகுதியைப் பல பெயர்களில் படிகளாகப் பிரிக்கும் கடிதங்களும் உண்டு. எந்தத் தொகையின் மீது இந்த வீதங்கள் கணக்கிடப்படுகின்றன என்று கேளுங்கள். பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடித்தால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும்.

டொலரோடு இணைத்த சம்பளமா என்றும் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ரூபாவில் மட்டும் சம்பளம் எடுத்தவர்களுக்கு அந்த மூன்று மாதங்களில் என்ன நடந்தது என்பது இங்குள்ள பெற்றோருக்குத் தெரியும். தகுதிகாண் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா, அமெரிக்க வாடிக்கையாளருக்காக எத்தனை இரவு விழிக்க வேண்டும் என்பவையும் கையெழுத்துக்கு முன் அறிய வேண்டியவை. இரவு வேலையைப் பற்றி ஒரு மருத்துவராகவும் சொல்கிறேன், அதை இலேசாக எடுக்காதீர்கள்.

குறைந்த சம்பளத்துக்கு ஒருபோதும் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உள்ளகப் பயிற்சியில் நல்ல மூத்த மருத்துவரின் கீழ் வேலை செய்த ஓராண்டு எங்களை வாழ்நாள் முழுதும் காக்கிறது. உங்கள் நிரலை வரிவரியாகப் பார்த்துத் திருத்தித் தரும் ஒரு மூத்த பொறியியலாளர் இருக்கும் இடம், சில ஆயிரம் ரூபா குறைந்தாலும் போகத்தக்க இடமே. எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து போங்கள். தெரியாமல் விடுவதுதான் நட்டம்.

அது எப்படித் தெரியவரும்? கலிபோர்னியாவில் 2023 முதல், பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனங்கள் விளம்பரத்திலேயே சம்பள எல்லையைப் போட வேண்டும். நம்மவர் பலர் வாழும் ஒன்ராறியோவில் 25 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு 2026 ஜனவரி முதல் அதே கடமை. அவுஸ்திரேலியாவில் 2022 டிசெம்பரில் வந்த சட்டம், தம் சம்பளத்தைப் பிறருக்குச் சொல்லும் உரிமையை ஊழியருக்குத் தந்தது. இங்கே அந்த வேலையை நாங்கள்தான் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டும்.

ஆகவே கொழும்பிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இலண்டனிலும் இத்துறையில் இருக்கும் அக்காமாரிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் எந்த நிலையில் சேர்ந்தீர்கள், எவ்வளவுக்குச் சேர்ந்தீர்கள், இன்று உங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவருக்கு எவ்வளவு என்பதை, கேட்கும் தங்கைக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்கள் ஒப்பந்தம் தடுத்தால், அவளுக்கு வந்த கடிதத்தையாவது வாசித்து அபிப்பிராயம் சொல்லுங்கள். சங்கம் அப்படிப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலொன்றை வைத்திருக்கட்டும். கட்டட நிதிக்கு நாங்கள் பணம் சேர்க்கிறோம். இதற்குப் பணம் தேவையில்லை, அரை மணித்தியாலம் போதும்.

தங்கைமாரே, தாயோ தகப்பனோ "கிடைத்ததே பெரிய காரியம், கேள்வி கேட்டுக் கெடுக்காதே" என்று சொல்லக்கூடும். அவர்கள் பயத்தில் சொல்வது. மரியாதையாகக் கேட்ட ஒரு கேள்விக்காக வேலையைப் பறிக்கும் இடம் நீங்கள் போகத்தக்க இடமும் அல்ல. இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள், கடிதத்தை ஓர் அக்காவுக்குக் காட்டுங்கள், பிறகு கையெழுத்திடுங்கள்.

எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.