காஞ்சியில் ஓர் இரவு தங்குங்கள்



பெருங்குடியில் குடியிருந்து, பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் ஒரே பேச்சுதான். இந்த வாரம் எங்கே போகலாம்? ஒருவர் ஏலகிரி என்பார், இன்னொருவர் புதுச்சேரி என்பார். எங்கள் தோழியர் கூட்டத்தில் சுற்றிச் சுற்றிக் கடைசியில் காஞ்சிபுரத்தில்தான் வந்து நிற்போம். துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் ஏறிப் பல்லாவரம், தாம்பரம், ஒரகடம், வாலாஜாபாத் என்று போனால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் செங்கல்பட்டு வழியாகவும் போய்விடலாம்.

இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் காஞ்சிக்குக் கேடு. சென்னைக்காரர்கள் அங்கே ஒரு பகலுக்கு மேல் தங்குவதில்லை. காலையில் கிளம்பி, காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என்று அவசர அவசரமாகக் கும்பிட்டு முடிப்பதற்குள் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலை நான்கு மணி ஆகும். அந்த நேரத்தைப் பட்டுக் கடையில் கழித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறோம். மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி கடைசியில் வந்து சேர்ந்த ஊர் இது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் புகழ்ந்து எழுதிய ஊர். இதை ஐந்தாறு மணி நேரத்தில் பார்த்துவிட்டதாகச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. சனிக்கிழமை மாலை போங்கள், இரவு தங்குங்கள், ஞாயிறு மதியம் திரும்புங்கள். இதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

சனிக்கிழமை மாலைக்கு ஏற்ற இடம் வைகுண்டப் பெருமாள் கோயில். பரமேச்சுர விண்ணகரம் என்று ஆழ்வார் பாடிய தலம். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் கட்டியது. மூன்று தளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக. கீழே அமர்ந்த கோலம், நடுவில் கிடந்த கோலம், மேலே நின்ற கோலம். பெருமாளைச் சேவித்துவிட்டு உடனே வெளியே வந்துவிடாதீர்கள். சிங்கத் தூண்கள் வரிசையாக நிற்கும் சுற்று மண்டபத்துக்குப் போய், உட்சுவரைப் பாருங்கள். அவன் காலம் வரையிலான பல்லவர் வரலாறு அங்கே வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சில காட்சிகளுக்குக் கீழே விளக்க எழுத்தும் உண்டு.

அதில் ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். கி.பி. 731 வாக்கில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோகிறான். பட்டத்துக்கு வாரிசு இல்லை. அமைச்சர்களும் ஊர்ப் பெரியவர்களும் கடிகையாரும், அதாவது அன்றைய கல்விச் சாலையைச் சேர்ந்தவர்களும், கூடிப் பேசுகிறார்கள். பல்லவக் குலத்தின் வேறொரு கிளையில் வந்த இரணியவர்மனைத் தேடிக் காடும் மலையும் கடந்து போகிறார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். யார் வருகிறீர்கள் என்று கேட்டால் மூத்தவர்கள் மூவரும் மாட்டோம் என்கிறார்கள். கடைசிப் பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பையன், நான் போகிறேன் என்கிறான். தகப்பனுக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் எடுத்துச் சொல்லி ஆற்றுகிறார்கள். பையன் காஞ்சிக்கு வருகிறான், நகரம் எதிர்கொண்டு அழைக்கிறது, முடி சூட்டுகிறார்கள். அந்தப் பையன்தான் நந்திவர்மன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான்.

தான் எப்படி அரசனானான் என்பதை ஒரு மன்னன் தன் கோயில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறான். நேர் வாரிசாக வராதவனுக்கு அது தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மணற்கல் உதிர்ந்து, முகங்கள் பல மழுங்கிவிட்டன. ஆனாலும் நாலு பேராகப் போனால் ஆளுக்கொரு உருவத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே நகரலாம். "இங்க பாரு, யானை வருது", "இவங்கதான் கூப்பிட வந்தவங்க போல" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு, ஒரு பக்கச் சுவரைப் பார்த்து முடிக்கவே எங்களுக்கு நேரம் போதவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடங்கள். நெசவாளர் குடியிருப்பு அது. காற்றும் வெயிலும் ஏறுவதற்கு முன்பே தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிச்சிடுவார்கள். வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்கும். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் ஊடு இழையிலேயே கோத்து நெய்ய, தறியில் உட்கார்ந்தவருக்குத் துணையாகப் பக்கத்தில் இன்னோர் ஆள் நாடா தள்ள வேண்டும். அந்த உழைப்பைக் கண்ணால் பார்த்தபிறகு புடவை வாங்கப் போனால், விலையைப் பற்றி நாம் பேசும் விதமே மாறிவிடும். வாங்குவதென்றால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள்.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. காலை வெயில் பட்டால் அந்த மணற்கல் பொன் நிறமாகிவிடும். சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். சிலவற்றின் உள்ளே குனிந்து பார்த்தால் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் தெரியும். ஒரு கண், ஒரு கிரீடத்தின் விளிம்பு, சிவப்புக் கோடு ஒன்று. பல நூற்றாண்டுகள் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்து கிடந்த இவற்றை 1931-இல் கண்டறிந்தவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய்.

எங்களோடு வந்த ஒருத்திக்கு ஊர் ஹூப்ளி. கோயிலைப் பார்த்ததுமே, "இது எங்க பட்டடக்கல் கோயில் மாதிரியே இருக்கே" என்றாள். அவள் சொன்னது சரி. பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. 642-இல் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகர் வாதாபியைக் கைப்பற்றி அழித்தான். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அந்தச் சாளுக்கிய வம்சத்தின் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்து உள்ளே வருகிறான். பழி தீர்க்க வந்தவன் இந்தக் கோயிலைப் பார்க்கிறான். இடிக்கவில்லை. கோயில் செல்வத்தையும் கோயிலுக்கே திருப்பித் தருகிறான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இந்தக் கோயில் மண்டபத் தூணில் இருக்கிறது. அவனுடைய அரசி லோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கலில் கட்டிய விருபாட்சர் கோயில் கைலாசநாதரின் சாயலில் எழுந்தது. ஹூப்ளித் தோழி அந்தத் தூணின் முன் வெகுநேரம் நின்றாள். பழைய எழுத்தில் அவளுக்குப் பிடிபட்டது ஓரிரண்டுதான். அதை விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். காஞ்சியில் நான் பார்த்த காட்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பசி எடுத்ததும் காஞ்சி இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது. வரதராசப் பெருமாளுக்குப் படைக்கிற பிரசாதம். கோயிலில் கிடைத்தால் விடாதீர்கள். கடை இட்லியில் அந்தச் சுக்கு மணம் இல்லை. அதே கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒற்றைக் கல்லில் செதுக்கிய சங்கிலியையும் பார்த்துவிடுங்கள். அக்கோயில் குளத்திலிருந்து அத்தி வரதர் சிலை 2019-இல் வெளிவந்தபோது நெரிசலில் போனவர்களுக்கு அந்த மண்டபத்தை நிதானமாகப் பார்க்க வாய்த்திருக்காது.

நேயர்களே, காஞ்சியில் பார்க்க வேண்டிய கோயில்கள் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். நண்பர்களாகப் போகும்போது இரண்டு மூன்று கோயில்களும் ஒரு நெசவாளர் தெருவும் போதும். கைலாசநாதர் சன்னதிகளில் ஓவியம் இருக்கும் சுவரில் கை வைக்காதீர்கள், ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கூட வரும் குழந்தைகளிடமும் சொல்லி அழைத்துப் போங்கள். 1,300 ஆண்டுகள் தாங்கிய அந்த வண்ணத்தில் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம்.