வளர்த்த கடன் யாருக்கு?

(விக்கிரவாண்டியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்தது மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரைப் பற்றி.

அவர் 1883-ம் ஆண்டு பிறந்தவர். வீட்டிலே கொடிய வறுமை. தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயார் ஒண்டியாக என்ன செய்வார்? குழந்தையை ஒரு தாசியின் வீட்டில் விட்டார். பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும் கைமாறின என்று அம்மையாரின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

மாயவரத்தை அடுத்த மூவலூரில் அந்தக் குழந்தை வளர்ந்தது. சோறு போட்டார்கள், துணி கொடுத்தார்கள், பாட்டும் ஆட்டமும் கற்றுக் கொடுத்தார்கள். எதற்காக? நாளைக்கு அந்தப் பெண் பணக்கார மைனர்களிடம் சம்பாதித்துக் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்பதற்காக! ஆலை முதலாளி இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறாரே, அது இயந்திரத்தின் மேலுள்ள பாசமா?

பருவம் வந்ததும் ஒரு கிழவருக்கு அவரைக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். ராமாமிர்தம் மறுத்தார். தமக்குக் கலை கற்பித்த சுயம்புப் பிள்ளையைத் தாமே விரும்பி மணந்தார். “வளர்த்த கடனைத் தீர்” என்ற நியாயத்தை அவர் ஏற்கவில்லை.

ஆனால் வேறொரு கடனை அவர் தாமாகவே தலையில் ஏற்றுக்கொண்டார். தாம் தப்பினால் போதும் என்று வீட்டோடு இருக்கவில்லை. அதே வலையில் சிக்கிய பெண்களைத் தேடிப் போனார். பொட்டுக் கட்டுவதை நிறுத்துங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். ஏச்சும் எதிர்ப்பும் வந்தன, அவர் அசையவில்லை. 1936-ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகச் சென்ற படையில் அவரும் நடந்தார். சிறைக்கும் போனார்.

இதே கொடுமையைச் சட்டசபையில் எதிர்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். பொட்டுக்குத் தப்பி ஓடிவந்த பெண் குழந்தைகளுக்கு விடுதிகளிலே இடமில்லை என்றபோது, தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

கடைசியில் 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அப்போது மாகாணப் பிரதமர் யார் தெரியுமா? நம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்! தம்மை விற்ற வழக்கம் சட்டப்படி ஒழிந்ததைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் அம்மையார் 1962-ல் மறைந்தார்.

தோழர்களே! அந்தக் கதை முடிந்துவிட்டது. ஆனால் முன்பணத்துக்குப் பிள்ளையை விடும் கதை முடிந்துவிட்டதா? ஆடு மேய்க்கவும், வாத்து மேய்க்கவும், செங்கல் சூளையிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் விடப்படுகிறார்கள். சாவுச் செலவுக்கோ வைத்தியத்துக்கோ சில ஆயிரம் வாங்கியிருப்பார்கள். அந்த முதலாளியும் சொல்வது இதுதானே: “சோறு போட்டு வளர்க்கிறேன்!”

1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் என்ன சொல்கிறது? இப்படிப்பட்ட கடன் செல்லாது. ஒரு காசும் திருப்பித் தர வேண்டியதில்லை. இன்னொரு சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பதே குற்றம். பிள்ளையை விட்ட தாயைத் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளையை மீட்க வழி பாருங்கள்.

தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் நம் தெருக்களில் பாட்டியிடமோ சித்தப்பாவிடமோ வளர்கிறார்கள். அவர்களுக்கு உதவ வழி உண்டு. 2025-ல் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’வில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். உறவே இல்லாத குழந்தையை, 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தைகள் நலக்குழு வேறொரு குடும்பத்தில் வளர்க்க விடலாம். அந்தக் குடும்பத்தையும் மேற்பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஏன்? வளர்ப்பு என்ற பெயரில் வேலைக்காரப் பிள்ளையைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

பணம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனால் மனு எழுதத் தெரியாத பாட்டி எங்கே போவாள்? அங்கேதான் நாம் வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் யார் யார் என்று கணக்கெடுங்கள். விழுப்புரத்திலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் பாட்டியோடு ஒருவர் கூடப் போங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிள்ளை எங்கே என்று வாத்தியாரைக் கேளுங்கள். கொத்தடிமையாகக் கிடக்கும் பிள்ளையைக் கண்டால் 1098 எண்ணுக்குப் பேசுங்கள்; காசு கிடையாது.

இந்தக் கூட்டத்திலேயே பிறர் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். பசியில் அடிபட்டு வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்களை வைத்து லாபம் பார்த்தவர்களுக்கு நீங்கள் கடன்காரர் அல்ல. உண்மையான அன்போடு ஒரு கவளம் ஊட்டியவர்கள் அதைக் கடனாக எழுதி வைக்கவும் இல்லை. அந்த அன்பை அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். ராமாமிர்தம் அம்மையார் செய்தது அதுதான்.

நாளைக் காலையிலேயே கணக்கெடுப்பைத் தொடங்குவோம், தோழர்களே!